நறுமணப் புதர்ச்செடிகளின் எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது?

ரோஸ்மேரி இலை ஒன்றை விரல்களுக்கிடையில் கசக்கினால் குப்பென்று ஒரு வாசனை கிளம்பும். ஒரே பொருளின் வாசனை போலத்தான் தோன்றும். ஆனால் அந்த நொடியில் மூக்கை எட்டுவது பல பத்துப் பொருள்கள் சேர்ந்த கலவை. அவற்றில் நான்கைந்து பொருள்களே எண்ணெயின் பெரும்பகுதி. மற்றவை ஒரு சதவீதம், அரை சதவீதம், அதற்கும் கீழே என்று துளித்துளியாகக் கலந்திருக்கும். அந்தக் கலவையில் எது எவ்வளவு என்பதைத்தான் ஆய்வாளர்கள் எண்ணெயின் வேதிக் கூறுகள் என்கிறார்கள்.

இதைப் படிக்கத் தொடங்குகிற எவருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றுதான். செடியின் பெயர் தெரிந்துவிட்டதால் எண்ணெயில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு செடிகள், பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டே, முற்றிலும் வேறான எண்ணெயைச் சுரக்கலாம். அது எப்படி என்று புரிந்துகொண்டால் இந்தத் துறையில் பாதி தெரிந்த மாதிரி.

முதலில் அடிப்படை. நறுமண எண்ணெயும் சமையல் எண்ணெயும் வேதியியல்படி வேறு வேறு குடும்பம். சமையல் எண்ணெயில் இருப்பவை கொழுப்பு அமிலங்கள் கிளிசராலோடு இணைந்த பெரிய மூலக்கூறுகள். அவை எளிதில் ஆவியாகாது. நறுமண எண்ணெயில் இருப்பவை சிறிய, லேசான மூலக்கூறுகள். அவை அறை வெப்பத்திலேயே காற்றில் கலந்துவிடும். அதனால்தான் நமக்கு வாசனையே தெரிகிறது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு சமையல் எண்ணெயையும் பக்கத்தில் ஒரு சொட்டு லேவண்டர் எண்ணெயையும் விட்டுப் பாருங்கள். மறுநாள் முதல் கறை அப்படியே பளபளக்கும். இரண்டாவது இருந்த இடமே ஏறக்குறையத் தெரியாது.

சரி, செடியில் இது எங்கே இருக்கிறது? லேவண்டர், ரோஸ்மேரி, தைம் மூன்றும் துளசிக் குடும்பத்துச் செடிகள். இவற்றின் இலைப்பரப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சின்னச் சின்ன முத்துகள் ஒட்டியது போல இருக்கும். அவை சுரப்பி மயிர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் சில செல்கள் எண்ணெயைச் சுரந்து, தம் மேல்தோலுக்கு அடியில் சிறு பையாகச் சேர்த்து வைக்கின்றன. விரல் பட்டால் அந்தத் தோல் கிழியும், வாசனை வெளியேறும். யூகலிப்டஸ், டீ ட்ரீ போன்றவற்றில் ஏற்பாடு வேறு. அங்கே எண்ணெய் இலைக்கு உள்ளேயே குழிகளில் இருக்கிறது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும் புள்ளிகளாக அந்தக் குழிகள் தெரியும். இலையைத் தடவியதும் மணக்கிறதா, கசக்கினால்தான் மணக்கிறதா என்ற வித்தியாசம் பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது.

இனி மூலக்கூறுகள். நறுமண எண்ணெய்களின் பெரும்பகுதி டெர்பீன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தின் அடிப்படை அலகு ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஐசோபிரீன். இரண்டு அலகுகள் சேர்ந்தால் பத்து கார்பன், அது மோனோடெர்பீன். மூன்று சேர்ந்தால் பதினைந்து கார்பன், அது செஸ்குவிடெர்பீன். அதற்கு மேல் போனால் மூலக்கூறு கனமாகிவிடுகிறது, எளிதில் ஆவியாகாது. அதனால் நறுமண எண்ணெய்களில் நாம் சந்திப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய வேதியியலாளர் ஆட்டோ வாலாக் இந்த எண்ணெய்களைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார். வேறு வேறு பெயர்களில் வழங்கிவந்த பல பொருள்கள் உண்மையில் ஒன்றே என்பதை அவர் காட்டினார். 1910இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஊசியிலை மரங்களின் வாசனையைத் தரும் ஆல்ஃபா-பைனீன், ஆரஞ்சுத் தோலின் வாசனையைத் தரும் லிமோனீன் இரண்டிலும் இருப்பது 10 கார்பனும் 16 ஹைட்ரஜனும்தான். எண்ணிக்கையில் துளி வித்தியாசம் இல்லை. அணுக்கள் இணைந்திருக்கும் வடிவம்தான் வேறு. இதைவிடத் தெளிவான இன்னொரு ஜோடி உண்டு. லேவண்டரின் மென்மையான பூ வாசனைக்குக் காரணமான லினலூல், யூகலிப்டஸின் குளிர்ச்சியான மூக்கடைப்பு மருந்து வாசனைக்குக் காரணமான 1,8-சினியோல் இரண்டும் 10 கார்பன், 18 ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் கொண்டவை. ஒன்றில் அணுக்கள் திறந்த சங்கிலியாக நிற்கின்றன. மற்றொன்றில் ஆக்சிஜன் பாலம் போட்ட வளையமாகச் சுருண்டிருக்கின்றன. மூக்குக்கு இரண்டும் வேறு உலகம்.

ஆக்சிஜன் சேர்வதுதான் இந்த வேதியியலில் சுவையான திருப்பம். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்ட பைனீன், லிமோனீன் போன்றவை சீக்கிரம் பறந்துவிடும், காற்றில் சீக்கிரம் கெடவும் செய்யும். ஒரு ஆக்சிஜன் அணு எந்த இடத்தில், எந்த வடிவில் சேர்கிறதோ அதற்கேற்ப மூலக்கூறின் குணம் மாறும். ஆல்கஹாலாகச் சேர்ந்தால் லினலூல், ஜெரானியால், டெர்பினென்-4-ஆல். கீட்டோனாகச் சேர்ந்தால் கற்பூரம், வெர்பெனோன். அந்த ஆல்கஹால் ஒரு அமிலத்தோடு கூடி எஸ்டராக மாறினால் லேவண்டரில் ஏராளமாக இருக்கும் லினலைல் அசிடேட். அப்புறம் தைமாலும் கார்வக்ராலும். இவை பீனால்கள். நாக்கிலோ தோலிலோ பட்டால் சுரீரென்று எரியும். கிருமிகளின் செல் சவ்வைக் குலைப்பதில் இவை இரண்டும் மிக வலுவானவை.

டெர்பீன் அல்லாத இன்னொரு குடும்பமும் உண்டு. ஃபீனைல்புரொப்பனாய்டு என்பது அதன் பெயர். கிராம்பு வாசனைக்குக் காரணமான யூஜெனால் இதில் சேர்ந்தது, சில துளசி வகைகளிலும் அது அதிகம். செடி இவற்றை வேறொரு வேதிப் பாதையில் உருவாக்குகிறது என்பது தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

இனி ஒரு முக்கியமான விஷயம். செடிக்குள் இந்த மூலக்கூறுகளைக் கட்டுபவை நொதிகள். பத்து கார்பன் கொண்ட ஒரே மூலப்பொருளை எடுத்து ஒரு நொதி லினலூலாக மாற்றும், இன்னொன்று லிமோனீனாக மாற்றும். இங்கே பலரும் எதிர்பார்க்காத ஒன்று நடக்கிறது. இந்த நொதிகளில் பல, ஒரே ஒரு பொருளை மட்டும் தருவதில்லை. சினியோலைக் கட்டும் நொதி, கூடவே கொஞ்சம் ஆல்ஃபா-டெர்பினியால், கொஞ்சம் சபினீன், கொஞ்சம் மிர்சீன் என்று சில்லறையாகச் சிந்திக்கொண்டே போகும். அதனால் எண்ணெய்களில் சில பொருள்கள் எப்போதும் கூட்டமாகவே வருகின்றன. தைமால் மிகுந்த எண்ணெயில் காமா-டெர்பினீனும் பாரா-சைமீனும் இருந்தே தீரும், ஏனென்றால் அவை அதே பாதையின் உறவுக்காரப் பொருள்கள். இது பிடிபட்டுவிட்டால் ஆய்வுக் கட்டுரையின் நீண்ட பட்டியல் மிரட்டாது. அறுபது பெயர்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, நான்கைந்து கூட்டங்களாகப் பார்த்தாலே படம் தெளிவாகிவிடும்.

தைம் சொல்லும் கதை

ஒரே இனம், வேறு எண்ணெய் என்றேன் அல்லவா? அதற்குத் தைம் செடியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கணுக்கால் உயரத்தில் கட்டையான தண்டோடு வளரும் இந்தக் குறும்புதர் மத்தியதரைக் கடலின் மேற்குக் கரைகளுக்குச் சொந்தமானது. தெற்கு பிரான்சில் காட்டில் தானாக வளரும் தைம் செடிகளை ஆராய்ந்தவர்கள் அவற்றுள் ஆறு வேதி வகைகளைக் கண்டார்கள். ஒரு வகையின் எண்ணெயில் ஜெரானியால் முதன்மை. அடுத்ததில் ஆல்ஃபா-டெர்பினியால். அப்புறம் துயனால், லினலூல், கார்வக்ரால், தைமால் என்று ஆளுக்கொரு முதன்மைப் பொருள். இப்படி இனத்தால் ஒன்றாகவும் எண்ணெயால் வேறாகவும் இருக்கும் வகைகளைக் கீமோடைப் என்பார்கள். வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரிக்க முடியாது. முகர்ந்து பார்த்தால் மட்டும் பிடிபடும், ஒன்று எலுமிச்சையும் ரோஜாவும் கலந்த வாசனை, இன்னொன்று மூக்கில் ஏறும் மருந்து வாசனை.

இது மண்ணாலோ மழையாலோ வந்த மாற்றமல்ல, பரம்பரையாக வருவது. ஜெரானியால் வகையை உருவாக்கும் மரபணு மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும். தைமால் வகை வரிசையின் கடைசியில் நிற்கிறது, மேலே உள்ள எந்த மரபணுவும் குறுக்கிடாதபோதுதான் அது வெளிப்படும்.

மோன்பெலியே நகருக்கு வடக்கே சேன் மார்ட்டின் த லாண்ட்ர் என்ற ஊரைச் சுற்றி ஒரு தாழ்வான நிலப்பரப்பு இருக்கிறது. குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று சரிந்து இறங்கி அந்தப் பள்ளத்தில் தேங்கிவிடும். பள்ளத்துக்குள் வளர்ந்த தைம் செடிகள் பீனால் இல்லாத வகைகளாகவும், சுற்றியுள்ள வெயில் காயும் கற்சரிவுகளில் வளர்ந்தவை தைமால், கார்வக்ரால் வகைகளாகவும் இருந்தன. சில கிலோமீட்டர் நடந்தால் போதும், எண்ணெயே மாறிவிடும். காரணத்தைத் தேடியபோது, குளிர்காலத் தொடக்கத்தில் வரும் கடும் உறைபனியைப் பீனால் வகைகள் தாங்குவதில்லை என்று தெரிந்தது. மற்ற வகைகள் அதைத் தாங்கின, ஆனால் கோடை வறட்சியில் பின்தங்கின. 1970களின் தொடக்கத்தில் கணக்கெடுத்த இடங்களை ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து மறுபடி ஆராய்ந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அங்கே கடும் உறைபனி குறைந்துபோயிருந்தது. முன்பு பீனால் வகைகளே தலைகாட்டாத இடங்களில் அவை பரவியிருந்தன. இந்த ஆய்வு முடிவு 2013இல் வெளியானது. எண்ணெயின் வேதியியலுக்குள் தட்பவெப்ப மாற்றத்தின் தடம் இருக்கும் என்று முதலில் யார் நினைத்திருப்பார்கள்? எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இது.

தைம் மட்டும் இப்படி இல்லை. மொராக்கோ, துனிசியா ரோஸ்மேரி எண்ணெயில் பாதிக்குப் பாதி 1,8-சினியோல். ஸ்பெயின் எண்ணெயில் ஆல்ஃபா-பைனீன், சினியோல், கற்பூரம் மூன்றும் ஏறக்குறைய 20 சதவீதம் என்று சரிசமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கோர்சிகா தீவில் வெர்பெனோன் மிகுந்த வகை உண்டு. புதராகவும் சிறு மரமாகவும் வளரும் ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீயிலும் ஆறு வேதி வகைகள் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் டெர்பினென்-4-ஆல் மிகுந்த வகைதான் சந்தைக்கு வருகிறது. டீ ட்ரீ எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 4730 என்ற சர்வதேசத் தரநிலை அந்தப் பொருள் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சொல்லிவந்தது, 2017 பதிப்பு அதை 35 ஆக உயர்த்தியது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளில் வளரும் லிப்பியா ஆல்பா என்ற புதரில் சிட்ரால் வகை, கார்வோன் வகை, லினலூல் வகை என்று தனித்தனியாக உண்டு.

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மலைகளில் வளரும் புச்சு என்ற புதரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அங்கே புச்சு என்ற பெயரில் இரண்டு நெருங்கிய இனங்கள் வழங்குகின்றன. ஒன்றின் இலை வட்டமானது, அது அகத்தோஸ்மா பெட்யூலினா. மற்றதன் இலை நீள்வட்டம், அது அகத்தோஸ்மா கிரெனுலாட்டா. வட்ட இலை எண்ணெயில் டயோஸ்ஃபீனால், ஐசோமென்தோன், லிமோனீன் ஆகியவை மிகுதி. நீள்வட்ட இலை எண்ணெயில் புலிகோன் என்ற கீட்டோன் மிகுதி. புலிகோன் அளவுக்கு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். இரண்டு இனங்களும் கலந்து கலப்பினங்களும் உருவாகின்றன. ஆக, புச்சு எண்ணெய் என்று மட்டும் எழுதியிருக்கும் புட்டியைப் பார்த்து உள்ளே எது என்று சொல்லவே முடியாது.

புச்சுவில் கற்றுக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. அந்த எண்ணெய்க்கு பிளாக்கரண்ட் பழத்தின் தனித்த வாசனை உண்டு. அதற்குக் காரணம் மேலே சொன்ன பெரிய பங்காளிகள் யாரும் இல்லை. கந்தகம் கொண்ட ஒரு மூலக்கூறு, மிகமிகச் சிறிய அளவில் இருந்துகொண்டு அந்த வாசனையைத் தருகிறது. ரோஜா எண்ணெயிலும் இதே கதைதான். டமாசெனோன் என்ற பொருள் ஒரு சதவீதத்தில் சிறு பின்னம்தான் இருக்கும், ஆனால் அதை எடுத்துவிட்டால் ரோஜா வாசனையே களையிழந்துவிடும். சதவீதம் அதிகம் என்பதால் வாசனையிலும் அதற்கே அதிகப் பங்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில மூலக்கூறுகளை நம் மூக்கு ஆயிரக்கணக்கான மடங்கு கூர்மையாக உணர்கிறது.

செடிக்கு இதனால் என்ன லாபம்?

இலையைத் தின்ன வரும் பூச்சியை விரட்டுவது, பூஞ்சையைத் தடுப்பது, மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சிகளை அழைப்பது என்று பல வேலைகள் இந்தப் பொருள்களுக்கு உண்டு என்பது தெரிந்ததுதான். ஆனால் இதில் அவசரப்படக் கூடாது என்பதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் கடலோரக் குன்றுகளில் ஊதா சேஜ் என்ற உள்ளூர்ப் புதர் வளர்கிறது. அதன் எண்ணெயில் கற்பூரமும் சினியோலும் அதிகம். புதரைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டருக்குப் புல்லே முளைக்காத வெற்றுத் தரை இருக்கும், வானிலிருந்து எடுத்த படங்களில்கூட அது தெளிவாகத் தெரியும். 1964இல் கார்னீலியஸ் முல்லரும் அவருடைய குழுவினரும், புதரிலிருந்து ஆவியாகும் டெர்பீன்கள்தாம் புல் விதைகளை முளைக்கவிடாமல் தடுக்கின்றன என்று எழுதினார்கள். அழகான விளக்கம். பாடநூல்களிலும் ஏறிவிட்டது. 1970இல் புரூஸ் பார்த்தலமியூ ஒரு எளிய சோதனை செய்தார். வெற்றுத் தரையில் சின்ன விலங்குகள் நுழைய முடியாதபடி கம்பிவலைக் கூண்டு வைத்தார். கூண்டுக்குள் புல் வளர்ந்தது! புதரின் மறைவில் பதுங்கியிருக்கும் எலிகளும் முயல்களும் பறவைகளும் பக்கத்துப் புல்லையும் விதையையும் மேய்ந்து தீர்ப்பதே வெற்றுத் தரைக்குப் பெரிய காரணம் என்று தெரியவந்தது. ஆய்வகத்தில் டெர்பீன் ஆவி விதை முளைப்பதைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் மலைச்சரிவில் நடப்பதற்கு அதுவே காரணம் என்று சொல்ல அது மட்டும் போதவில்லை.

இதே எச்சரிக்கை மருத்துவக் குணங்களைப் பற்றிய பேச்சுக்கும் பொருந்தும். ஆய்வகத் தட்டில் ஓர் எண்ணெய் பாக்டீரியாவைக் கொன்றது என்றால், தட்டில் கொன்றது என்று மட்டுமே பொருள். உடலுக்குள்ளும் அதே வேலையைச் செய்யுமா, பாதுகாப்பாகச் செய்யுமா என்பது தனிக் கேள்வி. எந்த வேதி வகை என்று சொல்லாமல், கூறுகளின் பட்டியலும் தராமல், இன்ன செடியின் எண்ணெய் கிருமிகளைக் கொல்கிறது என்று மட்டும் எழுதும் ஆய்வுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதே சோதனையை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க அதில் வழியே இல்லை.

எண்ணெய் எப்படி வெளியே வருகிறது?

வழக்கமான முறை நீராவிக் காய்ச்சி வடித்தல். லினலூலின் கொதிநிலை ஏறக்குறைய 198 பாகை செல்சியஸ், கற்பூரத்துக்கு 200க்கும் மேல். அப்படியிருக்க, 100 பாகையில் கொதிக்கும் தண்ணீரின் ஆவி இவற்றை எப்படிக் கொண்டுவருகிறது? எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காதவை. அதனால் இரண்டும் தத்தம் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே தருகின்றன. இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் கலவை கொதிக்கத் தொடங்கும். அது 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே நடந்துவிடுகிறது. எண்ணெயைத் தன் கொதிநிலை வரை சுட வேண்டிய தேவை இல்லை. நீராவியைக் குளிர வைத்தால் தண்ணீரும் எண்ணெயும் பிரிந்து நிற்கும், பெரும்பாலான எண்ணெய்கள் தண்ணீரை விட லேசானவை என்பதால் மேலே மிதக்கும். ஆய்வகங்களில் இதற்குப் பயன்படும் கண்ணாடிக் கருவியை 1928இல் கிளெவெஞ்சர் என்பவர் வடிவமைத்தார். அளவுக்கோடு போட்ட அதன் குழாயில் எத்தனை மில்லி எண்ணெய் சேர்ந்தது என்று அங்கேயே படித்துவிடலாம். புதர்ச்செடிகள் பலவற்றில் இலையின் எடையில் ஒரு சதவீதத்துக்கு முன்பின்னாகத்தான் எண்ணெய் கிடைக்கும்.

செடிக்குள் இருந்தது அப்படியே புட்டிக்குள் வருகிறது என்றும் நினைக்க வேண்டாம். காய்ச்சும்போது சில மூலக்கூறுகள் உடையும், சில மாறும். லேவண்டரின் லினலைல் அசிடேட் நெடுநேரம் சூடான நீரில் இருந்தால் உடைந்து லினலூலாகிவிடும். ஆர்ட்டிமிசியா ஆர்போரெசென்ஸ் என்ற புதரின் இலை வெள்ளி கலந்த பச்சை, எண்ணெயோ மை போன்ற நீலம். அந்த நீலத்துக்குக் காரணமான கமாசுலீன் செடியில் அந்த வடிவில் இருப்பதில்லை, காய்ச்சும் சூட்டில் அதன் முன்னோடிப் பொருளிலிருந்து உருவாகிறது. காய்ச்சும் நேரமும் கணக்கு. எளிதில் ஆவியாகும் மோனோடெர்பீன்களில் பெரும்பகுதி முன்னதாக வந்துவிடும், கனமான செஸ்குவிடெர்பீன்கள் மெல்ல மெல்லத்தான் வரும். அரைமணியில் அடுப்பை அணைத்தவருக்கும் மூன்று மணி நேரம் காத்திருந்தவருக்கும் ஒரே இலையிலிருந்து வேறு வேறு பட்டியல் கிடைக்கும்.

இலையின் வயதும் சேர்ந்துகொள்கிறது. டீ ட்ரீயின் இளந்தளிரில் சபினீன் ஹைட்ரேட் என்ற பொருள் அதிகம், டெர்பினென்-4-ஆல் குறைவு. இலை முற்ற முற்ற முதலாவது குறைந்து இரண்டாவது ஏறுகிறது. தளிரை மட்டும் பறித்து ஆராய்ந்தால் வேறு செடியோ என்று சந்தேகம் வந்துவிடும்.

பட்டியலை எப்படிப் படிப்பது?

எண்ணெயின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் முதன்மைக் கருவி கேஸ் குரோமட்டோகிராஃப், தமிழில் வாயு நிறப்பிரிகைக் கருவி. மயிரிழை போன்ற துளை கொண்ட, பெரும்பாலும் 30 மீட்டர் நீளமுள்ள குழாய் அதில் சுருள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். உட்சுவரில் ஒரு மெல்லிய பூச்சு. எண்ணெயின் சிறு துளியை ஆவியாக்கி, ஹீலியம் போன்ற வாயுவோடு அந்தக் குழாய்க்குள் அனுப்புகிறார்கள். கடைவீதியில் ஒன்றாக நுழைந்த கூட்டத்தில், கடைக்குக் கடை நிற்பவர் கடைசியிலும் எங்கும் நிற்காதவர் முதலிலும் மறுமுனையை அடைவது போலத்தான் உள்ளே நடப்பதும். பூச்சோடு அதிகம் ஒட்டி உறவாடும் மூலக்கூறு பின்னால் வரும், ஒட்டாததும் லேசானதும் முன்னால் வரும். ஒவ்வொன்றும் வெளியேறும்போது வரைபடத்தில் ஒரு முகடு எழும். முகட்டின் பரப்பு அந்தப் பொருளின் பங்கைக் காட்டும்.

எந்த முகடு எந்தப் பொருள் என்று அறிய, மறுமுனையில் நிறை நிறமாலைமானி என்ற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும். அது மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் நிறையை அளக்கும். அந்தத் துண்டுகளின் வரிசையைக் கணினியில் உள்ள தொகுப்போடு ஒப்பிட்டுப் பெயர் சொல்வார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். டெர்பீன்கள் பலவற்றின் துண்டுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், ஒரே வாய்பாடு என்று முன்பே பார்த்தோமே. கணினி சொல்லும் முதல் பெயரை அப்படியே எழுதினால் தப்பாகப் போகும். அதனால் நல்ல ஆய்வுகளில் தக்கவைப்புக் குறியீட்டெண் என்ற இன்னொரு சான்றும் தருவார்கள். ஒரு பொருள் எந்த நேரத்தில் வெளியே வருகிறது என்பதை, நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் வரும் நேரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் எண் அது. எர்வின் கோவாட்ஸ் என்ற வேதியியலாளர் 1958இல் முன்வைத்த முறையிலிருந்து வளர்ந்தது. துண்டுகளும் பொருந்தி, இந்த எண்ணும் பொருந்தினால்தான் பெயரை நம்பலாம். குறியீட்டெண் நிரலே இல்லாத பட்டியலைக் கண்டால் சற்று எச்சரிக்கையோடு படியுங்கள்.

பட்டியலின் அடியில் அடையாளம் கண்டவை மொத்தம் 96 சதவீதம் என்பது போல ஒரு வரி இருக்கும். மீதி நான்கு சதவீதத்துக்குப் பெயர் தெரியவில்லை என்று பொருள், அதை வெளிப்படையாகச் சொல்வது நேர்மை. பல பட்டியல்களில் உள்ள சதவீதம் முகட்டின் பரப்பை வைத்து வந்தது, எடை சதவீதம் அல்ல. இரண்டும் பெரும்பாலும் அருகருகே இருக்கும், ஆனால் ஒன்றல்ல.

கலப்படம் பிடிபடுவதும் இந்தக் கருவியால்தான். லினலூல் போன்ற மூலக்கூறுகள் வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் வரும். லேவண்டர் செடி ஏறக்குறைய ஒரே வடிவத்தை மட்டுமே செய்கிறது. தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்த சாதாரண லினலூலில் இரண்டும் பாதிக்குப் பாதி. அந்த இரண்டையும் பிரிக்கும் தனிப் பூச்சு கொண்ட குழாயில் செலுத்தினால், எண்ணெயில் செயற்கைச் சரக்கு கலந்திருப்பது வெளியே வந்துவிடும்.

புட்டிக்குள் போன பிறகும் எண்ணெய் மாறிக்கொண்டே இருக்கிறது. திறந்து மூடும்போதெல்லாம் ஆக்சிஜன் உள்ளே போகிறது. டீ ட்ரீ எண்ணெயில் டெர்பினீன்கள் குறைந்து பாரா-சைமீன் ஏறும், பழைய எண்ணெயை அடையாளம் காண அது நல்ல குறி. லிமோனீனும் லினலூலும் காற்றில் ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும், தோல் ஒவ்வாமை உண்டாக்குவதில் புதிய எண்ணெயை விட இவை பல மடங்கு மோசம். அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில், விளிம்பு வரை நிரப்பி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான். வாசனை மாறிப்போன பழைய எண்ணெயைத் தோலில் தடவாதீர்கள்.

புதிய எண்ணெயும் வீரியம் மிக்கதுதான். ஒரு செடியில் சிறு துளிகளாகப் பரவியிருந்ததை ஒரு புட்டிக்குள் திரட்டியிருக்கிறோம். நீர்க்காமல் தோலில் பூசுவதும், தானாகவே வாய்வழி எடுத்துக்கொள்வதும் ஆபத்து. கற்பூரம் மிகுந்த எண்ணெயைக் குழந்தை விழுங்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். டீ ட்ரீ எண்ணெய் பூனைகளுக்கு நஞ்சு. ரோஸ்மேரி எண்ணெய் வாங்கும்போது தாவரவியல் பெயரோடு, அது சினியோல் வகையா, கற்பூர வகையா, வெர்பெனோன் வகையா என்றும், அந்தத் தொகுதிக்கான பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். அறிக்கை இருந்தால் அதில் கற்பூரம் எத்தனை சதவீதம் என்பதை முதலில் பாருங்கள்.